அவளுக்காக நான் சொன்ன பதில்கள்

எங்கள் லேபில் வியாழக்கிழமை மூன்று மணி என்றால் மீட்டிங். பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி நடக்கிற இடம் என்றதும் ஊரில் என்னென்னவோ கற்பனை செய்துகொள்கிறார்கள். என் தம்பி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? கரண்ட் ஆபீஸ் மாதிரில இருக்கு" என்றான். அவன் சொன்னது உண்மைதான். வரிசையாக மேசைகள், இரைந்துகொண்டே இருக்கும் ஏ.சி., கண்ணாடித் தடுப்புக்குள் சூடு கக்கும் கம்ப்யூட்டர்கள், நடுவில் மீட்டிங்குக்கென்று ஒரு நீள மேசை. அந்த மேசையைச் சுற்றித்தான் என் வயிற்றெரிச்சல் முழுவதும் நடந்தது.

வாரம் ஒருவர் எழுந்து தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். எங்கள் ஆராய்ச்சியை வழிநடத்துகிற கைடு, நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், அதில் தன் பங்குக்கு ஒரு வழக்கத்தைப் புகுத்தியிருந்தார். பேசியவர் பேசி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரைச் சார் கையிலிருக்கும் மார்க்கரால் காட்டுவார். அந்த ஆள் முன்னால் வந்து, ஏதோ தானே செய்த ஆராய்ச்சி என்பதுபோல எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். பேசியவர் இடையில் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சே செல்லாது.

"நீ பேசுனது ஒனக்குப் புரியும்யா, நீதான செஞ்ச. அடுத்தவனுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லையா? அத நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்பார் சார்.

ஆக, பதில் சொல்கிறவர் திணறினால் குற்றம் அவருடையது அல்ல. பேசியவர் சரியாக விளக்கவில்லை என்று அர்த்தம். பதில் சொல்கிறவர் பிரமாதமாகச் சொன்னால் பாராட்டும் பேசியவருக்குத்தான். நான் சேர்ந்த புதிதில் இது நியாயமாகத்தான் தெரிந்தது. சாரும் நல்ல மனிதர். வீட்டுக்குக் காய்கறி வாங்கி வரச்சொல்லாத கைடு கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று மற்ற டிபார்ட்மென்ட் ஸ்காலர்களைக் கேட்டால் தெரியும்.

நான் சேர்ந்து ஒரு வருடம் கழித்து அவள் வந்தாள்.

பக்கத்து மேசை. கோச்சடையில் வீடு. அப்பா மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர், அம்மா இன்னும் அதே பள்ளியில் டீச்சர். முதல்நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டாள். எனக்கும் அவளுக்கும் மூன்று வயதுகூட வித்தியாசம் இருக்காது. ஆனால் நான் ஒரு பொறியியல் கல்லூரியில் சில காலம் வாத்தியார் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். என்னைப் பார்த்தாலே அக்கா என்றுதான் தோன்றியிருக்கும். வாடிப்பட்டியிலிருந்து ஒரு பஸ், ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் என்று மாறி, முடியெல்லாம் பறந்து, துப்பட்டா கசங்கி நான் வந்து சேரும்போது அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றுவாள். ஹெல்மெட்டுக்குள் இருந்த தலைகூடக் கலைந்திருக்காது. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அவளுடைய ஆங்கிலத்தின் மேல் எனக்குப் பொறாமை என்று சொன்னால் எல்லாரும் நம்பிவிடுவார்கள். நான் அரசுப் பள்ளியில் படித்தவள், அப்பா இளவயதில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர், இப்போதுதான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார். அதனால் ஆங்கிலத்தைப் பார்த்து ஏங்கினேன் என்று எழுதினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் ஆங்கிலத்தை நான் எப்படியோ பிடித்துவிட்டேன். நான் பொறாமைப்பட்டது வேறொன்றுக்கு. மீட்டிங்கில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கையைத் தூக்கி, "எனக்குப் புரியல, மறுபடி சொல்றீங்களா?" என்பாள். அவ்வளவுதான். அவள் அப்படிக் கேட்டால் கூர்மையான பெண் என்று நினைப்பார்கள். நான் கேட்டால் வாடிப்பட்டியிலிருந்து வருகிற பெண்ணுக்குப் புரியவில்லை என்று ஆகிவிடும். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. புரியாததை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் புரிந்துகொண்டு மறுநாள் வருவேன். அவளுக்கு அந்த வேலையெல்லாம் இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வடை தின்பாள்.

அவளுடைய ஆராய்ச்சி கப்பலூரில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனி சம்பந்தப்பட்டது. மோட்டார் பம்புக்குள் போடுகிற ரப்பர் வளையங்களைப் படமெடுத்து, எதில் வெடிப்பு இருக்கிறது, எதில் இல்லை என்று கம்ப்யூட்டரே பிரித்துச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர் அவளுடைய அப்பாவின் பழைய மாணவர். ஒரு போனில் எல்லாம் நடந்துவிட்டது. சாக்குச் சாக்காக வளையங்கள் கொடுத்தார்கள்; படமெடுக்க ஆள்கூடக் கொடுத்தார்கள்.

என்னுடையது பேச்சு. நாலு பேர் சேர்ந்து பேசுகிற ஒலிப்பதிவைக் கொடுத்தால், யார் எதைச் சொன்னார்கள் என்று கம்ப்யூட்டர் பிரிக்க வேண்டும். வெளியூரில் செய்துவைத்திருக்கிற முறைகள் எல்லாம் ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசுவார் என்று நம்பிச் செய்தவை. எங்கள் பக்கத்தில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? வாடிப்பட்டி டீக்கடையில் ஒருத்தர் "வாரேண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் அவரை உட்காரச் சொல்வார்கள். பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்றுகூட முன்னதாகச் சொல்லாமல், கம்ப்யூட்டரே எண்ணிக் கண்டுபிடித்துக் குரல்களைப் பிரிக்க வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சியின் உயிர். ஒலிப்பதிவுக்காக நான் டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கினேன். எனக்காக யாரும் போன் செய்யவில்லை.

லேபில் எல்லாருடைய வேலையும் பொதுவான ஒரு போல்டரில் இருக்கும். யார் வேண்டுமானாலும் யாருடையதையும் திறந்து பார்க்கலாம். சார் அதை வலியுறுத்திச் சொல்லியும் இருக்கிறார். யாரும் பார்க்க மாட்டார்கள். அவரவர் வேலையையே அவரவர்க்குப் பார்த்து முடியவில்லை. நான் மட்டும் பார்ப்பேன், அவளுடையதை மட்டும். வாராவாரம் அவள் என்ன மாற்றியிருக்கிறாள், எந்த முடிவு ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று எல்லாம் பார்ப்பேன். எங்காவது ஓட்டை இருக்காதா என்றுதான் தேடினேன். இறங்கியிருந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாடு நன்றாக இறங்கும். பொறாமை மனிதரைக் கெடுக்கும் என்கிறார்கள். என்னை அது நன்றாகப் படிக்கவைத்தது. நான் முறையாகப் படித்த எந்தப் பாடத்தையும் அவளுடைய ரப்பர் வளையங்களைப் படித்த அளவுக்குப் படித்ததில்லை.

ஓட்டையும் கிடைத்தது. ஒரே வளையத்தைப் பல பக்கத்திலிருந்து படமெடுத்திருந்தார்கள். அதில் சில படங்கள் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதற்குப் போயிருந்தன, சில அதைச் சோதிப்பதற்குப் போயிருந்தன. பாடத்தில் போட்டுக்காட்டிய கணக்கையே பரீட்சையிலும் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் நூறு வாங்கும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க நான் கேன்டீன் வரைக்கும் நடந்துவிட்டு வர வேண்டியிருந்தது. ஆனால் அடுத்த மாதம் அவளே அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டாள். எந்த நாளில் வார்த்த வளையங்கள் என்று பார்த்து, ஒரு நாள் வார்த்தவை முழுவதும் ஒரே பக்கம் இருக்கும்படி பிரித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்திருந்தாள். முடிவு சரசரவென்று இறங்கியது. இறங்கிய எண்ணையே எழுதிவைத்திருந்தாள். நானாக இருந்தால் ஒரு வாரமாவது அழுதிருப்பேன். அவள் அன்றைக்கு ஸ்கூட்டருக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த இடம் வந்தது. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் லேபில் ஆறு மாதம் தங்கி வேலை செய்யலாம். எங்கள் லேபிலிருந்து ஒருவருக்கு மட்டும். அங்கே இருக்கிற பேராசிரியர் நம் பக்கத்துக்காரர், சாரோடு படித்தவர். தகுதியானவர்கள் என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்தடுத்த இரண்டு வியாழக்கிழமை நாங்கள் பேச வேண்டும், அவர் திரையில் வந்து கேட்பார், பிறகு சார் ஒருவரைச் சொல்வார் என்று முடிவானது.

எனக்கு அந்த ஆறு மாதம் எவ்வளவு முக்கியம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்கு அது போனால் அடுத்த வருடம் இன்னொன்று வரும். எனக்கு வீட்டில் அந்த வருடத்தோடு படிப்பை முடித்துவிடு என்று சொல்லியிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு முப்பது வயதுக்கு மேல் படித்துக்கொண்டிருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு அம்மா கல்யாண வீடுகளில் படுகிற பாடு எனக்குத் தெரியும். அந்த இடம் கிடைத்தால் எல்லாருடைய வாயும் தானாக மூடிவிடும். திரும்பி வந்ததும் நல்ல கல்லூரியில் வேலைக்குக் கேட்கலாம். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அங்கிட்டுப் போய்ட்டு வந்தா வேலை நிச்சயமா கெடைக்குமா?" நான் "கெடைக்கும்மா" என்றேன். அதிலிருந்து அம்மா அதைக் கிடைத்துவிட்ட மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டாள்.

முதல் வியாழக்கிழமை அவளுடைய முறை. அவள் எப்போதும்போலவே பேசினாள். வேகமாக, சிரித்துக்கொண்டு, பாதி ஸ்லைடுகளை "இது விடுங்க" என்று தாண்டிக்கொண்டு. படங்களைப் பிரித்த விஷயம் ஒரு ஸ்லைடின் மூலையில் ஒரே வரியாக இருந்தது. அதையும் வாசிக்காமல் தாண்டினாள். எனக்கு ஒரே குளிர்ச்சி. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு எவனாலும் பதில் சொல்ல முடியாது. சார் யாரைக் கூப்பிட்டாலும் மாட்டிக்கொண்டு முழிக்கப்போகிறான். இவள் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். முகத்தை மட்டும் அக்கறையோடு வைத்துக்கொண்டேன்.

சார் மார்க்கரை எடுத்தார். மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

"நீ வாம்மா. இன்னைக்கு அவளுக்கு நீ சொல்லு, அடுத்த வாரம் ஒனக்கு அவ சொல்லட்டும். நியாயமா இருக்கும்ல?"

நியாயம்தான். நான் எழுந்து போனேன். தெரியாது என்று சொல்லிவிடுவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் யோசிப்பதுபோல நின்று, "அது சரியா விளங்கல சார்" என்று சொன்னால் போதும். வழக்கப்படி குற்றம் அவள் தலையில் விழும். பொய்யென்று யாரும் என்னைப் பிடிக்கவும் முடியாது. ஆனால் தெரியாது என்று நான் ஒருநாளும் அந்த மேசையில் சொன்னதில்லையே. திரையிலிருந்த பேராசிரியர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டார்.

"ஒரே வளையத்த நாலு பக்கமும் படம் எடுத்துருக்கீங்க. அதுல சிலது கத்துக்குடுக்கவும் சிலது சோதிக்கவும் போயிருந்துச்சுன்னா இந்த எண்ணுக்கு அர்த்தமே கெடையாதே?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது. முதலில் அப்படிக் கலந்துதான் இருந்தது, அது பிடிபட்ட பிறகு வார்த்த நாளை வைத்துப் பிரித்தது, அப்போது எண் இறங்கியது, இறங்கிய எண்ணைத்தான் இங்கே காட்டியிருப்பது என்று சொன்னேன். ஏன் வளையத்தை வைத்துப் பிரிக்காமல் நாளை வைத்துப் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னேன்: ஒருநாள் ரப்பர் கலவை மாதிரி இன்னொரு நாள் இருக்காது, புது நாளின் வளையத்தில் வெடிப்பைக் கண்டுபிடிப்பதுதான் கம்பெனிக்கு வேண்டும். அவர் தலையை ஆட்டினார். அடுத்த கேள்வி, அதற்கு அடுத்தது. எல்லாவற்றையும் நான் வீட்டில் அவளோடு மனதுக்குள் சண்டை போட்டுப் போட்டு முடித்துவைத்திருந்தேன். எந்தக் கேள்வியையெல்லாம் கேட்டு அவளை மடக்கலாம் என்று வைத்திருந்தேனோ அதற்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஜெயித்தது நான் என்றே நினைத்தேன். இதை எழுதும்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். திரையில் அந்தப் பேராசிரியர் "பிரமாதம்" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். அம்மாவிடம் "அம்புட்டுப் பேரும் அசந்துட்டாங்கம்மா" என்று சொன்னேன். யார் பேச்சுக்கு அசந்தார்கள் என்று அம்மா கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை என் முறை. ஒரு வாரமாக வேறு வேலையே பார்க்கவில்லை. அவளைப்போல எதையும் தாண்டக்கூடாது என்று ஒவ்வொரு படியையும் தனித்தனிப் படமாக வரைந்தேன். டீக்கடையில் எடுத்த ஒலிப்பதிவையே ஓடவிட்டேன்; மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு குரல் சேர்ந்து ஒலிக்கிற இடத்தில் நிறுத்தி, இங்கே எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று நாம் சொல்லித் தரவில்லை, கம்ப்யூட்டரே எண்ணுகிறது என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். ஸ்லைடில் சிவப்பில் போட்டிருந்தேன். பேசி முடித்து உட்கார்ந்தபோது, இதுவரை அந்த லேபில் நான் கேட்ட பேச்சுகளிலேயே இதுதான் நல்ல பேச்சு என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவள் எழுந்து முன்னால் வந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள்.

திரையில் இருந்தவர் முதல் கேள்வியைக் கேட்டார். "எத்தன பேர் பேசுறாங்கன்னு இதுக்கு எப்படித் தெரியுது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அத நாமளே மொதல்ல குடுத்துருவோம்னு நெனைக்கிறேன் சார்" என்றாள்.

என் கை தானாக மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறக்கக்கூடாது.

"குடுத்துட்டா அப்பறம் இதுல புதுசா என்ன இருக்கு? இதத்தான் ஏற்கெனவே எல்லாரும் செய்றாங்களே?"

"ஆமா சார்" என்றாள் அவள். "ஆனா இது நம்ம ஊர்ப் பேச்சு. டீக்கடை சத்தம்லாம் இருக்கு. அது கஷ்டம்ல?"

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்னுடைய மூன்று வருடத்தை அவள் டீக்கடைச் சத்தமாக மாற்றிவிட்டாள். அடுத்த இரண்டு கேள்விகளுக்கு "அது எனக்குச் சரியாப் புரியல சார், சாரி" என்று தயக்கமே இல்லாமல் சொன்னாள். எனக்கு ஒருநாளும் வராத அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது. அவள் வேண்டுமென்றே செய்யவில்லை என்பது மேசையைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. வேண்டுமென்றே செய்திருந்தாளானால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வாழ்நாள் முழுக்க வைதுகொண்டாவது இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ சொல்லிவிட்டார். அப்போதே விஷயம் தெரிந்துவிட்டது.

"அவளத்தான் அனுப்பலாம்னு இருக்கோம்மா. ஒன் வேலை நல்ல வேலை, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவ பேசுனது ஒனக்கு அப்படியே போய்ச் சேந்துருக்கு. ஒரு கேள்விக்குக்கூட நீ தடுமாறல. அவ்வளவு தெளிவா அவ சொல்லிருக்கா. நீ பேசுனது அவளுக்குப் போய்ச் சேரல. நாலு கேள்வில ரெண்டு தப்பு, ரெண்டு தெரியல. நான் வேற எத வச்சுப் பாக்குறது, நீயே சொல்லு?"

எனக்குச் சொல்லத் தெரியும். சார், அவள் பேசியதிலிருந்து எனக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. அவள் பாதியைச் சொல்லவேயில்லை. நான் சொன்னதெல்லாம் அவளுடைய பேச்சிலிருந்து வந்ததில்லை, என் வயிற்றெரிச்சலிலிருந்து வந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக அவளுடைய ஒவ்வொரு வரியையும் படித்துவைத்திருக்கிறேன், அவள் விழமாட்டாளா என்று பார்ப்பதற்காகப் படித்தேன். இதைச் சொன்னால் சார் யோசித்திருப்பார். ஒருவேளை முடிவைக்கூட மாற்றியிருப்பார். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதை அவருடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்து என் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு அந்த இடம் வேண்டும்தான். அந்த விலைக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"இல்ல சார், நீங்க சொல்றது சரிதான்" என்றேன். டீ வந்தது. குடித்தேன். நன்றாகவே இருந்தது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அவள் ஸ்கூட்டரில் வந்தவள் என்னைப் பார்த்து நிறுத்தி, இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவளுக்கு. எனக்குக் கலங்கவில்லை.

"அக்கா, சார் சொன்னாரு. ஒங்களாலதான்க்கா. நீங்க அன்னைக்கு அப்படிச் சொல்லலேன்னா எனக்குக் கெடைச்சிருக்கவே கெடைக்காது. எனக்கே அம்புட்டுத் தெரியாதுக்கா, சத்தியமா. எப்படிக்கா என் வேலை ஒங்களுக்கு இவ்வளவு தெரிஞ்சுச்சு?"

"கேட்டேன்ல" என்றேன்.

"எனக்குத்தான் அசிங்கமா இருக்கு. நான் ஒங்களுக்கு ஒன்னுமே சொல்லல. ஒங்க போல்டர ஒரு தடவகூடத் தொறந்து பாத்ததில்லக்கா. தொறந்து பாத்துருந்தா ஏதாவது சொல்லிருப்பேன்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அதனால்தான் அது அப்படியே உள்ளே இறங்கியது. அந்த இடம் கைவிட்டுப் போனதைக்கூட நான் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, நான் அவளையே நினைத்துக்கொண்டு எழுந்து, அவளையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அவளுக்கு நான் ஒரு போட்டியாகக்கூடத் தெரிந்ததில்லை. ஒரு தடவை திறந்து பார்க்கிற அளவுக்குக்கூட அவள் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. அந்தக் கொடுப்பினையும் அவளுக்குத்தான்.

"இப்பச் சொல்லுங்கக்கா" என்றாள். "பஸ் வர்ற வரைக்கும். நீங்க என்னதான் பண்றீங்க? எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லுங்க."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டாளே. நான் ஆரம்பித்தேன். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நம் காது தானாகப் பிரித்துவிடுகிறது, கம்ப்யூட்டருக்கு அது தெரியாது என்றேன். எத்தனை பேர் என்று நாம் சொல்லாமலே அது கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று மூன்றாவதாகச் சொல்ல வாயெடுத்தபோது அவளுடைய போன் அடித்தது. அவளுடைய அம்மா. ஒரு நிமிஷம்க்கா என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டு, எந்தப் பெட்டியை எடுத்துப்போவது, விசாவுக்கு எந்தப் படம் என்று பேச ஆரம்பித்தாள்.

ஆரப்பாளையம் பஸ் வந்தது. அவள் போனை வைத்தபாடில்லை. நான் வாரேன் என்று கையைக் காட்டினேன், அவளும் காட்டினாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து அந்த மூன்றாவது வாக்கியத்தை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அது தெளிவாகத்தான் இருந்தது.